பழைய போக்கிமான் கார்டு சேர்க்க ஆசையா? வட்டக் குறியிலிருந்து தொடங்குங்கள்

பழைய போக்கிமான் கார்டு என்றாலே பேச்சு நேரே சாரிசார்டில் போய் நிற்கும். அந்த ஒரு கார்டு ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று எங்கேயோ படித்துவிட்டு, இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர். ஆனால் சாரிசார்ட் வந்த அதே பாக்கெட்டுகளில்தான் ராட்டாட்டா, வீடில், டிக்லெட் என்ற சாதாரண போக்கிமான்களும் வந்தன. அதே ஆண்டு, அதே அட்டை, அதே மஞ்சள் ஓரம். லட்சக்கணக்கில் அச்சடித்ததால் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. விலையும் கையைக் கடிக்காது.

புதிதாக வருகிறவர் இந்தச் சாதாரண கார்டுகளில்தான் கைவைக்க வேண்டும் என்பது என் கட்சி. காசு மட்டும் காரணமில்லை. அச்சுப் பதிப்பைப் பிரித்தறிவது, தேய்மானத்தைக் கணிப்பது, போலியைப் பிடிப்பது எல்லாம் பழகப் பழக வரும் கண். அந்தப் பழக்கத்தை விலை குறைந்த கார்டில் பெறுவதுதான் புத்திசாலித்தனம்.

எது பழையது, எது சாதாரணம்

போக்கிமான் கார்டு விளையாட்டு ஜப்பானில் 1996 அக்டோபரில் வந்தது. ஆங்கிலப் பதிப்பை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1999 ஜனவரியில் வெளியிட்டது. 2003இல் அந்தப் பொறுப்பு அவர்கள் கையைவிட்டுப் போனது. சேகரிப்பவர்கள் 'விண்டேஜ்' என்று சொல்வது பெரும்பாலும் இந்த 1999 – 2003 காலத்துக் கார்டுகளைத்தான்.

அக்காலத்துக் கார்டின் கீழே வலது மூலையைப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும். வட்டம் என்றால் சாதாரணம், அதாவது காமன். சாய்சதுரம் என்றால் அன்காமன். நட்சத்திரம் என்றால் ரேர். அக்காலத்து ஆங்கில பாக்கெட்டில் 11 கார்டுகள்: ரேர் ஒன்று, அன்காமன் மூன்று, மீதியெல்லாம் காமனும், ஆட்டத்தில் தாக்குதலுக்குச் சக்தி தரும் எனர்ஜி கார்டுகளும். எனவே பரண்களிலும் பழைய பெட்டிகளிலும் குவிந்து கிடப்பது இந்த வட்டக் குறிக் கூட்டம்தான்.

முதலில் எல்லையைப் போடுங்கள்

'பழைய காமன் எல்லாம் சேர்க்கப் போகிறேன்' என்று கிளம்பினால் ஆறு மாதத்தில் சலித்துவிடும். முதல் மூன்று செட்டுகளோடு, அதாவது ஒரே பெயரில் சேர்ந்து வெளியான கார்டுத் தொகுதிகளோடு, நிறுத்திக்கொள்ளுங்கள். பேஸ் செட் மொத்தம் 102 கார்டுகள், அதில் காமன் 32. 1999 ஜூனில் வந்த ஜங்கிள் 64 கார்டுகள், காமன் 16. அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஃபாசில் 62 கார்டுகள், காமன் 16. ஆக மொத்தம் 64. கையில் அடங்கும் கணக்கு. ஒன்பது பைகள் கொண்ட ஆல்பம் தாளில் பேஸ் செட்டுக்கு நான்கு பக்கம், மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு பக்கம் என்று எட்டே பக்கத்தில் உட்கார்ந்துவிடும்.

பேஸ் செட்டில் 97 முதல் 102 வரையுள்ள ஆறு அடிப்படை எனர்ஜி கார்டுகளையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். எனக்குச் சேர்க்கப் பிடிக்கும். ஐந்தாவது பக்கம் ஒன்று கூடுதலாகும், அவ்வளவுதான்.

அடுத்து, எந்த அச்சுப் பதிப்பு என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பேஸ் செட்டில் ஃபர்ஸ்ட் எடிஷன் (முத்திரை விழுந்த முதல் அச்சு), ஷேடோலெஸ் (படச் சட்டத்துக்கு நிழல் இல்லாதது), அன்லிமிட்டெட் (பின்னால் வந்த பொது அச்சு) என்று பதிப்புகள் உண்டு. ஜங்கிளிலும் ஃபாசிலிலும் ஃபர்ஸ்ட் எடிஷன், அன்லிமிட்டெட் மட்டுமே. தொடக்கத்துக்கு அன்லிமிட்டெட் போதும். கலந்து கட்டி வாங்கினால் ஆல்பத்தில் நிறம்கூட ஒத்துப்போகாது; ஷேடோலெஸ் கார்டுகள் கொஞ்சம் வெளிறித் தெரியும். முதல் சுற்றை முடித்த பிறகு ஃபர்ஸ்ட் எடிஷனுக்கு ஏறுவது தனி சுகம். அந்தப் பதிப்பிலும் காமன்கள் ரேர் அளவுக்கு மிரட்டாது.

ஒரு கார்டை வாசிக்கப் பழகுங்கள்

இங்கே அவசரப்பட வேண்டாம். ஒரு பேஸ் செட் பிக்காச்சுவை எடுத்துக்கொள்வோம். மேலே வலப்பக்கம் 40 எச்பி (அந்த உயிரி தாங்கும் சேதத்தின் அளவு), மின்னல் குறி. படத்துக்கு அடியில் உயரமும் எடையும் எழுதிய மெல்லிய பட்டை. அதற்குக் கீழே இரண்டு தாக்குதல்கள்: 10 சேதம் தரும் 'நா' (Gnaw), 30 சேதம் தரும் தண்டர் ஜோல்ட். இவை விளையாடுகிறவருக்கு. சேகரிப்பவர் பார்க்க வேண்டியது நான்கு இடங்கள்.

முதலாவது, படத்தின் வலது கீழ் மூலைக்குச் சற்று வெளியே. ஜங்கிள் கார்டில் அந்த இடத்தில் ஒரு பூவின் குறி இருக்கும், ஃபாசிலில் எலும்புக் கை போன்ற குறி. பேஸ் செட்டில் ஒன்றுமே இருக்காது. குறி இல்லாததுதான் பேஸ் செட்டின் அடையாளம். 2000இல் வந்த பேஸ் செட் 2 இதே படங்கள் பலவற்றை மறுபடி அச்சடித்தது. அதில் குறியும் இருக்கும், எண்ணும் 130இல் முடியும். விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து 'பேஸ் செட்' என்றே போடுவது சர்வசாதாரணம்.

இரண்டாவது, படத்தின் இடது கீழ்ப்புறம். ஃபர்ஸ்ட் எடிஷன் முத்திரை அங்கேதான் விழும். ட்ரெய்னர் கார்டுகளில் (உயிரி இல்லாமல், ஆட்டத்துக்கு உதவும் கார்டுகள்) அடிமூலைக்குப் போய்விடும். போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை: பேஸ் செட் மாசாம்ப் கார்டில் இந்த முத்திரையைப் பார்த்துப் புதையல் கிடைத்ததாகத் துள்ள வேண்டாம். அது இருவர் விளையாடும் தொடக்கப் பெட்டியோடு வந்த கார்டு; கிட்டத்தட்ட எல்லாப் பிரதிகளிலும் அந்த முத்திரை உண்டு.

மூன்றாவது, படச் சட்டத்தின் வலது ஓரமும் கீழ் ஓரமும். சட்டம் கார்டிலிருந்து எழும்பி நிற்பதுபோல் ஒரு சாம்பல் நிழல் தெரிந்தால் அன்லிமிட்டெட். நிழல் இல்லாமல் தட்டையாக இருந்தால் ஷேடோலெஸ். பேஸ் செட் ஃபர்ஸ்ட் எடிஷன் கார்டுகளும் நிழலில்லாதவைதான், முத்திரை மட்டும் கூடுதல். இந்த நிழல் பேச்சு பேஸ் செட்டுக்கு மட்டும் உரியது. ஜங்கிளில் ஷேடோலெஸ் தேட வேண்டாம்.

நான்காவது, அடிவரி. வெளிச்சத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் படியுங்கள். ஓவியர் பெயர் இடப்பக்கம்: பிக்காச்சுவில் மிட்சுஹிரோ அரிட்டா. நடுவில் பதிப்புரிமை வரி. 1995, 96, 98 என்று போய் 1999 விஸார்ட்ஸ் என்று முடிந்தால் அன்லிமிட்டெட். 98க்குப் பிறகு 99 என்று ஓர் ஆண்டு கூடுதலாக இருந்தால் ஷேடோலெஸ். நிழல் உண்டா இல்லையா என்று கண் தடுமாறும்போது, குறிப்பாக ட்ரெய்னர் கார்டுகளில், இந்த வரிதான் தீர்ப்புச் சொல்லும். சில கார்டுகளில் விஸார்ட்ஸுக்கு முன் 1999-2000 என்று இருக்கும். அது பிரிட்டனுக்காகப் பின்னால் அடித்த பதிப்பு. பலர் அடிவரியைப் படிப்பதே இல்லை என்பதால் மொத்தக் குவியல்களில் இது கவனிக்கப்படாமலே கிடக்கும். தேடிப் பிடிப்பது நல்ல பொழுதுபோக்கு.

இந்த அடிவரிப் பழக்கம் இன்னொரு குழியிலிருந்தும் காப்பாற்றும். 2016இல் எவல்யூஷன்ஸ் என்று ஒரு செட் வந்தது. 20ஆம் ஆண்டு நிறைவுக்காகப் பழைய பேஸ் செட் சாயலிலேயே வடிவமைத்தது. புதியவர்கள் அதைப் பார்த்து 1999 கார்டு என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். அதன் எண் 108இல் முடியும், ஆண்டும் 2016 என்று தெளிவாக அச்சிட்டிருக்கும். படத்தைப் பார்த்து மயங்காமல் ஆண்டைப் பார்த்தால் போதும்.

பிக்காச்சுவைப் பற்றி ஒரு சேதி பாக்கி. ஷேடோலெஸ் காலத்தில் சில பிக்காச்சுகளுக்குக் கன்னம் சிவப்பு, சிலவற்றுக்கு மஞ்சள். அன்லிமிட்டெட்டில் மஞ்சள் கன்னம். சிவப்புக் கன்னம் தனியாகத் தேடப்படுவது. அதேபோல வல்பிக்ஸில் '50 எச்பி' என்று வர வேண்டியது 'எச்பி 50' என்று முன்பின்னாக மாறிப்போன பிரதிகள் உண்டு. இதெல்லாம் 64 கணக்கில் சேராது. ஆனால் காமன் குவியலைப் புரட்டும்போது கண்ணில் படும், பட்டால் எடுத்து வையுங்கள்.

நிலை: எவ்வளவு தேய்மானம் பரவாயில்லை

விற்பனைத் தளங்களில் நியர் மின்ட், லைட்லி பிளேய்ட், மாடரேட்லி பிளேய்ட், ஹெவிலி பிளேய்ட், டேமேஜ்ட் என்று, ஏறக்குறைய புதியது முதல் சேதமானது வரை படிப்படியாக நிலை போட்டிருப்பார்கள். இது டிசிஜிபிளேயர் போன்ற அமெரிக்கத் தளங்களின் வழக்கம். ஐரோப்பாவின் கார்டுமார்க்கெட் தளத்தில் படிகள் வேறு: நியர் மின்ட்டுக்குக் கீழே எக்ஸலன்ட், அதன்கீழ் குட், அதற்கும் கீழேதான் லைட் பிளேய்ட். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டும் ஒரே தரம் என்று நினைத்து ஆர்டர் போட்டால், வருகிற கார்டு எதிர்பார்த்ததைவிட ரொம்பவே அடிபட்டிருக்கும்.

கார்டைக் கையில் வாங்கியதும் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைத் திருப்புங்கள். நீலப் பின்புறத்தின் ஓரங்களிலும் மூலைகளிலும் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா? அதுதான் தேய்மானத்தின் முதல் அடையாளம். முன்புறத்து மஞ்சள் ஓரத்தில் அது அவ்வளவாகத் தெரியாது, நீலத்தில் மறைக்க முடியாது. அப்புறம் ஒரு விளக்குக்கு அடியில் கார்டைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது தெரியாத மடிப்புக் கோடு, சாய்க்கும்போது ஒளி உடைந்து காட்டிக்கொடுக்கும். நகக்குறி, பேனா அழுத்திய தடம் எல்லாம் அப்படித்தான் தெரியவரும். மடிப்பு விழுந்த கார்டை நியர் மின்ட் என்று யாரும் விற்கக் கூடாது; ஆனால் விற்பார்கள். ஓரங்கள் ஒருபக்கம் தடித்து ஒருபக்கம் மெலிந்திருந்தால் அது ஆலையிலேயே வெட்டும்போது நேர்ந்தது, தேய்மானம் இல்லை.

காமன்களுக்கு லைட்லி பிளேய்ட் தரத்தில் நின்றுகொள்வது நல்லது. உறைக்குள் போட்டு ஆல்பத்தில் வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும், விலையும் இறங்கும். எல்லாம் நியர் மின்ட்டாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ட்ரெய்னர் கார்டுகளில் மாட்டிக்கொள்வீர்கள். பேஸ் செட்டின் காமன் ட்ரெய்னர்கள் ஐந்து: பில், எனர்ஜி ரிமூவல், கஸ்ட் ஆஃப் விண்ட், போஷன், ஸ்விட்ச். இவற்றில் பில்லும் எனர்ஜி ரிமூவலும் கஸ்ட் ஆஃப் விண்டும் அன்றைய ஆட்டத்தில் எல்லோர் டெக்கிலும் (ஆட எடுத்துவரும் கார்டுக் கட்டு) இடம்பிடித்தவை. உறையில்லாமல் கலைத்துக் கலைத்து ஆடியதில் ஓரம் வெளுக்காத பிரதி கிடைப்பது அரிது. யாரும் ஆடாத மெட்டாபாட் புத்தம்புதிதாகக் கிடைக்கும், எல்லோரும் ஆடிய பில் நைந்துபோய்க் கிடைக்கும்.

பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் ஏதோ ஒரு குழந்தை தன் பெயரை எழுதிய கார்டுகளும் வரும். சந்தையில் அது டேமேஜ்ட். எனக்கு அவற்றை எறிய மனசு வருவதில்லை. சிலர் அதற்கென்றே தனிப் பக்கம் வைத்திருக்கிறார்கள்.

வாங்கும் வரிசை

முதல் கொள்முதல் ஒரு குவியலாக இருக்கட்டும். 'லாட்' என்று போட்டு நூறு, இருநூறு கார்டுகளை மொத்தமாக விற்பார்கள். அதில் ரேர் இருக்கும் என்ற நப்பாசை வேண்டாம். விற்பவர் ஏற்கெனவே சலித்துவிட்டுத்தான் தருகிறார். உங்களுக்கு வேண்டியது சலித்து மிஞ்சியதுதான் என்பதால் கவலையில்லை. படங்களைப் பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள்: பின்பக்கப் படம் இருக்கிறதா, பரப்பி வைத்து எடுத்த படமா அல்லது அடுக்கின் மேல் கார்டு மட்டும் தெரிகிறதா, எல்லாம் ஒரே காலத்துக் கார்டுகளா. பின்பக்கப் படம் கேட்டும் தராதவரிடம் வாங்காதீர்கள்.

ஒரு குவியல் வந்து சேர்ந்தால் 64இல் கணிசமானவை கைக்கு வந்துவிடும். பிட்ஜி, ஸூபேட், டென்டகூல் போன்றவை தேவைக்கு மேலேயே இருக்கும். வராதவை எவை என்றும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிக்காச்சு, சார்மாண்டர், ஸ்குவர்ட்டில், பல்பசார், ஜங்கிளின் ஈவி, ஃபாசிலின் சைடக். குறி வட்டமானாலும் பெயர் பிரபலம் என்பதால் குவியலில் போடுமுன்பே உருவி எடுத்துவிடுவார்கள். இவற்றைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

தனிக் கார்டு வாங்கும்போது கார்டின் விலையைவிட அஞ்சல் கட்டணம் அதிகமாகிவிடும். அதனால் ஒவ்வொன்றாக ஆர்டர் போடாதீர்கள். விடுபட்டவற்றைப் பட்டியல் போட்டு, அதில் பத்துப் பதினைந்தாவது வைத்திருக்கும் ஒரே விற்பனையாளரைத் தேடுங்கள். விலை பார்க்கையில் கேட்கும் விலையை நம்ப வேண்டாம், விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்றவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி இருக்கிறது. ஒரு வீடிலுக்கு யாரோ எக்கச்சக்கமாகக் கேட்கிறார் என்பதால் அது அவ்வளவு பெறும் என்று ஆகாது.

ஜப்பானியக் கார்டுகளும் குவியல்களில் கலந்து வரும். பின்புற வடிவமே வேறு, செட் எண்ணுக்குப் பதில் அந்த உயிரியின் போக்கிடெக்ஸ் எண் (போக்கிமான்களின் பட்டியலில் அதன் வரிசை எண்) இருக்கும். முதல் அச்சில் வட்டம், சாய்சதுரம் எதுவுமே கிடையாது. அழகானவை, ஆனால் இந்த 64ஓடு கலக்க வேண்டாம். ஒரு ஓரமாக வையுங்கள்.

போலி

காமனைப் போய் யார் போலியாக அடிப்பார்கள் என்று தோன்றும். 1999 – 2000 பைத்தியம் உச்சத்தில் இருந்தபோது முழுப் பாக்கெட்டுகளையே போலியாக அடித்தார்கள். அவை இன்றும் குவியல்களில் சுற்றுகின்றன. பெரும்பாலானவை பார்த்தவுடனே சிக்கிவிடும்: பின்புற நீலம் ஊதாப் பக்கம் சாய்ந்திருக்கும், எழுத்து தடித்திருக்கும், போக்கிமான் என்ற ஆங்கிலச் சொல்லில் 'e' மேல் வரும் சாய்கோடு விடுபட்டிருக்கும், அட்டை வழவழவென்று மெலிந்திருக்கும்.

சந்தேகம் வந்தால் அதே செட்டின் நிச்சயமான ஒரு கார்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். பக்கவாட்டில் விளிம்பை உற்றுப் பார்த்தால், நல்ல கார்டில் இரண்டு வெள்ளை அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் போலியில் ஒளி அதிகமாக ஊடுருவும். உருப்பெருக்கி இருந்தால் எழுத்தைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து முழுக் கறுப்பாக இருக்கும். நகலெடுத்த கார்டில் எழுத்தே வண்ணப் புள்ளிகளாகச் சிதறும். வளைத்துப் பார்ப்பது, கிழித்துப் பார்ப்பது என்று இணையத்தில் வரும் சோதனைகளை நல்ல கார்டில் செய்யாதீர்கள்.

வைத்துக் காப்பது

ஒவ்வொரு கார்டும் முதலில் ஒரு மெல்லிய உறைக்குள் போக வேண்டும். மூலையை இடிக்காமல், உறையின் வாயை விரலால் சற்று விரித்து, நிதானமாக இறக்குங்கள். புதியவர் கையில் மூலை நசுங்குவது பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான். பிறகு ஆல்பம். பக்கவாட்டில் திறக்கும் பைகள் நல்லது, தலைகீழாகப் பிடித்தாலும் கார்டு வழுக்கி விழாது. பிவிசி பிளாஸ்டிக் வேண்டாம், நாளாக நாளாகக் கார்டில் ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைக் கெடுக்கும். திறந்ததும் குப்பென்று பிளாஸ்டிக் நெடி அடித்தால் அந்த ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வளையம் போட்ட கோப்பில் வளையத்தை ஒட்டிய கார்டுகளில் பிறை வடிவத் தழும்பு விழும், அதனால் வளையமில்லாத ஆல்பம் உத்தமம்.

வெயில் படாத, ஈரம் ஏறாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டால் நல்லது. மிஞ்சிய இரட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், ஓரத்தில் பள்ளம் விழும். அதற்கென்று விற்கும் அட்டைப் பெட்டி போதும். அழுக்கான கார்டை உலர்ந்த மென்துணியால் மெல்லத் துடைப்பதோடு நிறுத்துங்கள். தண்ணீர், அழிப்பான், ஸ்பிரே எதுவும் கூடாது.

பிஎஸ்ஏ, சிஜிசி போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கலாமா? காமனுக்கு வேண்டாம். பெரும்பாலும் கட்டணம் கார்டின் விலையைத் தாண்டிவிடும். ஃபர்ஸ்ட் எடிஷன் பிக்காச்சு, சார்மாண்டர் போன்றவை ஓரம் கொஞ்சமும் வெளுக்காமல் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

64 முடிந்த பிறகு

இரட்டைகள் நிறையச் சேர்ந்திருக்கும். உங்களிடம் நான்கு ஸூபேட் இருக்கிறது, இன்னொருவரிடம் மூன்று பில் இருக்கிறது என்றால் பணமில்லாமலே கைமாற்றலாம். காமன்களில் விலை வித்தியாசம் சொற்பம் என்பதால் ஒன்றுக்கு ஒன்று என்று பேசி முடித்துவிடுவார்கள்.

அடுத்த செட்டாக 2000 ஏப்ரலில் வந்த டீம் ராக்கெட்டை எடுங்கள். 82 என்று எண்ணிட்டிருந்தாலும் 83ஆவதாக டார்க் ரெய்ச்சு ஒன்று ஒளிந்திருக்கிறது. ஆங்கிலப் பதிப்பின் முதல் ரகசிய கார்டு அது. காமன் அல்ல, அதனால் உங்கள் கணக்கில் வராது. பேஸ் செட் 2வை நான் தாண்டிப் போகச் சொல்வேன். பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் படங்கள்தான், ஃபர்ஸ்ட் எடிஷனும் அதில் கிடையாது. டீம் ராக்கெட்டுக்கு அப்புறம் அதே ஆண்டில் ஜிம் ஹீரோஸ், ஜிம் சேலஞ்ச் வந்தன, ஆளுக்கு 132 கார்டுகள். இவற்றில் ஒரே உயிரி, போக்கிமான் கதையில் வரும் வேறு வேறு ஜிம் தலைவர்களின் பெயரோடு வருவதால், வாங்கும் பட்டியலில் உயிரியின் பெயரோடு கார்டு எண்ணையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.